"உள்ள போனது கரடி மட்டும் இல்லம்மா": நாலாம் பாகம் வர்றதுக்கு முன்னாடி எழுத்தாளர் பதில் சொல்லலாமா?

தட்டுவடை செட்:
போன ஞாயித்துக்கிழமை சேலம் அஸ்தம்பட்டியில நடந்த வாசகர் கூட்டத்துக்கு வராதவங்களுக்காக எழுதறேன். நம்ம எழுத்தாளர் அக்கா சேர்வராயன் மலையை வச்சு எழுதற கதைத்தொடர் மொத்தம் அஞ்சு பாகம், மூணு வந்தாச்சு, நாலாவதை எழுதிட்டிருக்காங்க. மூணாவது எப்படி முடியும்னு படிச்சவங்களுக்குத் தெரியும், கதாநாயகி நாச்சியைச் சின்னப்புள்ளையில இருந்து காவல் காத்த அந்தக் கிழக்கரடி குகைக்குள்ள போகும், பாறை சரிஞ்சு வாசல் அடைச்சிக்கும், அதோட புத்தகம் முடிஞ்சிரும். கூட்டத்துல ஒரு காலேஜ் பொண்ணு எந்திரிச்சு கரடி செத்துப்போச்சாக்கான்னு கேட்டுச்சு, கேக்கறப்பவே அந்தப் புள்ளைக்குத் தொண்டை அடைச்சிக்கிச்சு. அக்கா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "உள்ள போனது கரடி மட்டும் இல்லம்மா"ன்னாங்க. கூட்டமே அமைதியாயிருச்சு. வீட்டுக்கு வந்ததும் கடைசி இருபது பக்கத்தைத் திரும்ப எடுத்துப் படிச்சேன், குகை வாசல் ஈரமண்ணுல கரடித் தடத்து மேல இன்னொரு தடம் அரைகுறையா அழிஞ்சு கிடந்துச்சுன்னு ஒரு வரி வருது, ரெண்டு தடவை படிச்சும் என் கண்ணுல படாத வரி. இந்த மாதிரி இன்னும் நாலு பதில் சொல்லுங்கக்கான்னு கேக்கத்தான் இந்தத் திரி.

செவ்வாப்பேட்டை வாசகன்:
நான் கூட்டத்துக்கு வரலைங்க. பட்டறையில கொலுசுக்குப் பத்த வச்சிட்டிருக்கறப்போ வாட்ஸப்புல அந்த ஒத்தை வரி வந்து விழுந்துச்சு. எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல. அந்தத் தடத்தை நானா கண்டுபிடிச்சிருப்பேன், இல்லைன்னா நாலாம் பாகத்துல தெரிஞ்சு திடுக்குன்னு ஆயிருப்பேன், ரெண்டும் போச்சு. அக்கா மேல மரியாதை உண்டு, மூணு பாகத்தையும் காசு குடுத்து வாங்கிப் படிச்சவன் நான், ஆனா எழுத்தாளர் சொல்ல வேண்டியதைப் புத்தகத்துலதான் சொல்லணும், வெளியில வாயால சொல்றது கதையில சேராது. சேராததைச் சொல்லி எதுக்கு எங்க படிப்பைக் கெடுக்கணும்?

தட்டுவடை செட்:
அண்ணா, நம்ம தமிழ்ல தொடர்கதையே வாசகர் கடிதத்தோட வளர்ந்ததுதானே. கல்கி 1950ல இருந்து 1954 வரைக்கும் பொன்னியின் செல்வனை வாராவாரம் எழுதினாரு, அதைப் படிச்சவங்க சும்மாவா இருந்தாங்க? முடிச்சப்புறமும் விடலை, அந்தக் கதாபாத்திரம் என்ன ஆச்சு இந்தக் கதாபாத்திரம் என்ன ஆச்சுன்னு கேட்டுட்டே இருந்தாங்க, அவரும் முடிவுரைன்னு ஒண்ணு எழுதி அந்தக் கேள்வியை எல்லாம் வரிசையா எடுத்துப் பதில் சொன்னாரு. அது இன்னைக்கும் அஞ்சாம் பாகத்துக் கடைசியில இருக்கு, எடுத்துப் பாருங்க.

செவ்வாப்பேட்டை வாசகன்:
தம்பி, நீ சொன்னதுலயே என் பதில் இருக்கு. முடிச்சப்புறம் சொன்னாரு. நடுவுல, கதை ஓடிட்டிருக்கறப்போ, இன்னாரு சாகப்போறாரு, இன்னாரு யாருன்னு மேடையில சொன்னாரா? வாசகன் கைக்குக் கதை முழுசா போய்ச் சேர்ந்தப்புறம்தான் உட்கார்ந்து பேசினாரு. அஞ்சாம் பாகம் வரட்டும், அன்னைக்கு அக்கா விடியவிடியப் பேசட்டும், முதல் வரிசையில உட்கார்ந்து கேப்பேன்.

தட்டுவடை செட்:
அந்த "முடிச்சப்புறம்"ங்கறதுதாங்க எனக்குப் பயம். அதே கல்கி அமர தாரா எழுதிட்டிருக்கறப்போ 1954 டிசம்பர் 5ஆம் தேதி இறந்துட்டாரு. அவரு வச்சிருந்த குறிப்புகளை வச்சு அவர் பொண்ணு ஆனந்திதான் முடிச்சாங்க. இங்கிலீஷ்லயும் ராபர்ட் ஜோர்டன்னு ஒருத்தர் 1990ல ஆரம்பிச்ச பெரிய தொடர், 2007ல அவரு போயிட்டாரு, பிராண்டன் சாண்டர்சன் மிச்சத்தை எழுதி 2013லதான் முடிஞ்சுது, அதுவும் ஜோர்டன் குறிப்பும் கடைசிக் காட்சியும் எழுதி வச்சிருந்ததால. நம்ம அக்கா நூறு வருஷம் நல்லா இருக்கணும். ஆனா ஒரு கதையில மனசைக் குடுத்துட்டு வருஷக்கணக்கா காத்துக்கிடக்கறவனுக்கு ஒரு பிடிமானம் வேணும்ல. அக்கா, உங்களுக்கு முடிவு தெரியுமா, எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களான்னு கேக்கறது தப்பா?

தொடர் ஆசிரியர்:
வணக்கம் எல்லாருக்கும். தம்பி கேட்டதுக்கு முதல்ல. முடிவு தெரியும், கடைசி அத்தியாயம் ஒரு கோடு போட்ட நோட்டுல எழுதி வீட்டுல இருக்கு, அது எங்கங்கறது என் தங்கச்சிக்குத் தெரியும். செவ்வாப்பேட்டை அண்ணா, அந்தப் பொண்ணு அழுதுட்டுக் கேட்டுச்சு, எனக்கு மனசு கேக்கலை, வாய் முந்திக்கிச்சு. அன்னைக்கு ராத்திரியே வருத்தமாத்தான் இருந்துச்சு. உங்ககிட்ட இருந்து ஒண்ணை எடுத்துட்டேன், திருப்பித் தரவும் முடியாது. மன்னிச்சுக்கங்க.

வெள்ளைக்கல்:
நான் வேற ஒண்ணு கேக்கணும்ங்க, கதை அடுத்து எங்க போகுதுங்கறது இல்ல. முதல் பாகத்துல நாச்சி அடிவாரத்துல ஒரு வெள்ளைக்கல் அறைக்குள்ள ஒளிஞ்சுக்குவா, சுத்தி நெருப்பு வச்சும் அந்தக் கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. மூணாம் பாகத்துல அதே வெள்ளைக்கல்லுல செஞ்ச தாயத்தை எதிரி நெருப்புல போடுவான், அது வெடிச்சு மாவாப் போயிரும். எல்லாரும் இதை எழுத்தாளர் மறந்துட்டாங்கன்னு சொல்றாங்க. எங்கப்பா முப்பது வருஷம் இந்த வெள்ளைக்கல்லு, அதாவது மேக்னசைட், வெட்டி எடுக்கற சுரங்கத்துல வேலை பாத்தவரு. செட்டிச்சாவடிப் பக்கம் போனா இன்னைக்கும் பாக்கலாம், கருத்த பாறைக்கு நடுவுல வெள்ளை வெள்ளையா நரம்பு ஓடற மாதிரி இருக்கும், அதை ஆளுங்க சுத்தியல்ல தட்டித் தட்டிப் பாறையில இருந்து பிரிச்செடுப்பாங்க. அந்தச் சுடாத பச்சைக்கல்லை சூளையில போட்டா உள்ள இருக்கற கரியமில வாயு வெளிய போயி பாதி எடை காணாமப் போயிரும், கல்லு வெடிக்கும், பொடியாகும். ஆனா 1500 டிகிரிக்கு மேல வச்சு நல்லா சுட்டு எடுத்த கல்லு இருக்கே, அதுல செங்கல் பண்ணித்தான் இரும்பு உருக்கற உலைக்கு உள்ள அடுக்கறாங்க, அதுக்கப்புறம் எந்த நெருப்பும் அதை ஒண்ணும் பண்ணாது. பச்சைக்கல்லு வேற, சுட்டகல்லு வேற. அப்போ நாச்சி ஒளிஞ்ச அறை யாரோ ஒரு காலத்துல சுட்ட சூளை, தாயத்து பச்சைக்கல்லு. நான் இப்படித்தான் படிச்சேன். நீங்க இதை நினைச்சுத்தான் எழுதினீங்களா?

தொடர் ஆசிரியர்:
இல்லைங்க. நினைச்சு எழுதினேன்னு சொன்னா பொய். முதல் பாகம் எழுதறப்போ சுரங்கத்து வெள்ளைக் குவியலை ரோட்டுல இருந்து பாத்ததோட சரி, நெருப்பு தின்னாத கல்லுன்னு யாரோ சொன்னதை எடுத்துக்கிட்டேன். மூணாம் பாகத்துல தாயத்து உடையணும், உடைச்சேன். நீங்க எழுதினதைப் படிச்சு உட்கார்ந்துட்டேன். அந்த அறையைச் சுட்டது யாருன்னு ஒரு கேள்வி இருக்குதே, அதை நான் இதுவரைக்கும் கேக்கவே இல்ல. உங்க அனுமதியோட நாலாம் பாகத்துல இதை எடுத்துக்கறேன், முன்னுரையில அப்பாவுக்கு நன்றி சொல்லுவேன்.

செவ்வாப்பேட்டை வாசகன்:
பாருங்க, இதுக்குத்தான் நான் பயந்தேன். இன்னைக்கு கல்லு, நாளைக்கு யாராவது நாச்சிக்குக் கல்யாணம் ஆகணும்னு நல்லா எழுதினா அதையும் எடுத்துக்குவீங்களா? வெள்ளைக்கல் சொன்னது அருமையான விளக்கம், நான் மறுக்கலை, ஆனா அது அவரு படிச்ச கதை. பத்தாயிரம் பேரு பத்தாயிரம் விதமா படிப்பாங்க, அத்தனையையும் எழுத்தாளர் கேட்டுக்கிட்டே எழுதினா அப்புறம் அது யாரு கதை? தப்புன்னா தப்பாவே கிடக்கட்டும்ங்க, தப்போட இருக்கற புத்தகத்தை நான் மதிப்பேன்.

வெள்ளைக்கல்:
அண்ணா, நான் கதையை மாத்தச் சொல்லலையே. வாழ்நாள் பூரா அந்தக் கல்லைப் பாத்த ஒரு மனுசன் நம்ம வீட்டுல இருக்கறப்போ, கல்லு எப்படி நடந்துக்கும்னு சொல்றது கல்யாணம் பண்ணி வைங்கன்னு சொல்றதும் ஒண்ணா? நீங்க பண்ற கொலுசைப் பத்தி யாராவது கதை எழுதி, அதுல வெள்ளி துரு பிடிச்சுதுன்னு எழுதினா சும்மா இருப்பீங்களா?

செவ்வாப்பேட்டை வாசகன்:
இருக்க மாட்டேன். அது சரி.

மிளகுக்கொடி:
இவ்வளவு நேரம் படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்போ எழுதறேன். நாங்க ஏற்காட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு மலையாளி ஊரு. கேரளா இல்ல, மலையை ஆளறவங்க, தமிழ் பேசற மலை சனம். எனக்கு சின்ன விஷயம் ஒண்ணு, பெரிய விஷயம் ஒண்ணு இருக்குது. சின்னது, கதை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி நடக்குதுன்னு சொல்லிட்டு ரெண்டாம் பாகத்துல நாச்சி சில்வர் ஓக் மரத்துல ஏறி ஒளியறா. அது ஆஸ்திரேலியா மரம்க்கா, காபித் தோட்டத்துக்கு நிழலுக்குன்னு வச்சது, காபியே 1820கள்ல காக்பர்ன் கலெக்டர் கொண்டாந்தப்புறம்தான் இங்க வந்துச்சு. எங்க வீட்டு மிளகுக்கொடி பூரா அந்த மரத்துல தான் ஏறியிருக்கு, அதனால எனக்கு உடனே தெரிஞ்சிருச்சு. அதை விடுங்க.

பெரியது, ரெண்டாம் பாகத்துல மலை உச்சிக் குகையில ஒரு மந்திரவாதி ரத்தம் குடிக்கறான். பேரை மாத்தி எழுதினாலும் அது எங்க சேர்வராயன் கோயில்தான்னு மலையில எல்லாருக்கும் தெரியும். அந்தக் குகைக்குள்ள நிமிர்ந்து போக முடியாது, குனிஞ்சுதான் போகணும், உள்ள சேர்வராயனும் காவேரியும் இருக்காங்க, அந்த வழி காவேரி ஆறு வரைக்கும் போகுதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. மே மாசத் திருவிழாவுக்கு எங்க சனம் மலை பூரா இருந்து வரும். நீங்க குனிஞ்சு போறதைக் கூட அப்படியே எழுதியிருக்கீங்க, ஈரமும் இருட்டும் கூட, ஆனா உள்ள சாமி இருந்த எடத்துல அவனை உட்கார வச்சிட்டீங்க. புத்தகத்தைக் கீழ வச்சிட்டு ரெண்டு நாள் எடுக்கலை. ஏன்னு கேக்கறேன், சண்டைக்கு வரலை.

செவ்வாப்பேட்டை வாசகன்:
தங்கச்சி, உன் வருத்தம் புரியுது. ஆனா இது கற்பனைக் கதைம்மா. பேரும் வேற. இப்படி ஒவ்வொருத்தரும் இது எங்க சாமி, இது எங்க ஊருன்னு வந்தா யாருமே எழுத முடியாதே.

மிளகுக்கொடி:
எழுத வேண்டாம்னு நான் சொல்லலைங்கண்ணா. எங்க ஊர்லயே கதை ஒண்ணா இல்லை. காஞ்சிபுரத்துல இருந்து மூணு அண்ணன் தம்பிங்க வந்து ஆளுக்கொரு மலைக்குப் போனாங்கன்னு எங்க பாட்டி சொல்லும், ஏன் வந்தாங்கன்னு கேட்டா ஒரு ஊர்ல ஒண்ணு சொல்லுவாங்க, பக்கத்து ஊர்ல வேற சொல்லுவாங்க, யாரும் யாரையும் பொய்யின்னு சொன்னதில்லை. கதை மாறலாம். சாமியை எடுத்துட்டு பேயை வைக்கறது மட்டும் எந்த ஊர்லயும் இல்லை.

இன்னொண்ணு. பாட்டி கதை சொல்றப்போ நாங்க ம் கொட்டணும், கொட்டலைன்னா தூங்கிட்டோம்னு நிறுத்திரும். நடுவுல கேள்வி கேட்டா கோவிச்சுக்காது. அந்தப் பாறை எது பாட்டி, அந்தக் கெழங்கு எப்படி இருக்கும், அவன் ஏன் கும்பிடாம போனான்னு கேட்டா கதையை நிறுத்திட்டு பொறுமையா சொல்லும், சில சமயம் காலையில கூட்டிட்டுப் போயி பாறையைக் காட்டும். ஆனா அப்புறம் என்னாச்சு பாட்டின்னு அவசரப்பட்டா மட்டும் "ம் கொட்டு"ன்னு ஒரே அதட்டு. நீங்க ரெண்டு பேரும் ரெண்டு வேற கேள்வியை ஒண்ணா கட்டி வச்சு சண்டை போட்டுட்டிருக்கீங்கன்னு தோணுது எனக்கு. கரடி செத்துச்சான்னு கேக்கறதுக்கு அக்கா ம் கொட்டுன்னு சொல்லியிருக்கலாம். குகையில ஏன் அவனை வச்சீங்கன்னு கேக்கறதுக்குச் சொல்லித்தான் ஆகணும்.

தட்டுவடை செட்:
இதுக்கு மேல நான் என்ன சொல்ல. நான் கேட்டதெல்லாம் "அப்புறம் என்னாச்சு"தான்.

தொடர் ஆசிரியர்:
தங்கச்சி, ராத்திரி பூரா இதைத்தான் யோசிச்சேன். ஏன் வச்சேன்னா, ஒரு தடவை அந்தக் குகைக்குள்ள குனிஞ்சு போனப்போ உடம்பு சிலிர்த்துச்சு, அந்தச் சிலிர்ப்பைக் கதைக்கு வேணும்னு எடுத்துக்கிட்டேன். அது எதனால வந்துச்சுன்னு கூட நின்ன யாரையும் கேக்கலை. எனக்குத் தோணின பயத்தை எழுதிட்டேன், அங்க இருந்தவங்களுக்கு அது பயம் இல்லைங்கறது எனக்கு உறைக்கலை. மலையில சேலத்துக்காரங்க நாங்க எல்லாம் விருந்தாளிங்கதானே, விருந்துக்குப் போன வீட்டுல பூஜை ரூமை இடிச்ச மாதிரி ஆயிருச்சு. அடுத்த பதிப்புல அந்த எடத்தை மாத்தறேன், குகையை அங்க இருந்து எடுத்து பேரில்லாத வேற ஒரு பள்ளத்துல வைக்கறேன், கதைக்கு ஒரு குறையும் வராது. சில்வர் ஓக்கையும் எடுத்துடறேன்.

செவ்வாப்பேட்டை வாசகன்:
அப்போ என் அலமாரியில இருக்கற ரெண்டாம் பாகம் என்ன ஆகறதுங்க? நான் படிச்ச குகை ஒண்ணு, புதுசா வாங்கறவன் படிக்கற குகை ஒண்ணுன்னு ஆயிராதா? மாத்தாதீங்கன்னு சொல்ல எனக்கு இப்போ வாய் வரலை, தங்கச்சி சொன்னப்புறம் எப்படிச் சொல்றது. ஆனா சத்தமில்லாம மாத்தாதீங்க. முன்னாடி இப்படி இருந்துச்சு, இன்ன காரணத்துக்காக மாத்தினேன்னு முதல் பக்கத்துலயே போடுங்க. என் பழைய புத்தகம் என்கிட்டயே இருக்கட்டும்.

தொடர் ஆசிரியர்:
போடறேங்கண்ணா. அந்தப் பக்கத்தை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி மிளகுக்கொடி தங்கச்சிகிட்ட காட்டிடறேன்.

மிளகுக்கொடி:
எனக்கு வேண்டாம்க்கா, பாட்டிகிட்ட காட்டுங்க. அதுக்குப் படிக்க வராது, நான் வாசிச்சுக் காட்டறேன். கரடி குகைக்குள்ள போற கட்டத்தையும் சேர்த்து வாசிக்கறேன், கரடி விஷயத்துல பாட்டி விடாது.

வெள்ளைக்கல்:
இதெல்லாம் எங்கப்பாகிட்ட சொன்னேன். கதைப்புத்தகம் தொட்டதே இல்லாத மனுசன், முதல் பாகத்துல அந்த அறை வர்ற பக்கத்தை மட்டும் வாசிக்கச் சொன்னாரு. கேட்டுட்டு, சூளைன்னா காத்து உள்ள வர கீழ ஒரு வாய் இருக்குமே, அது எந்தப் பக்கம் இருக்குன்னு போட்டிருக்காங்களான்னு கேட்டாரு. புத்தகம் பூரா தேடிட்டேன், கிடைக்கலைங்க. எங்கயாவது இருக்கா?

தொடர் ஆசிரியர்:
இல்லைங்க. எந்தப் பக்கம் இருக்கும்னு அப்பாவைக் கேட்டுச் சொல்லுங்க.