ராத்திரி 2.10-க்கு வரும் குட் மார்னிங்

குழு: நம்ம வீடு

2.10 அப்பா: (முருகன் படம்) இனிய காலை வணக்கம்

4.25 அப்பா: (ரோஜாப்பூ படம்) இந்த நாள் இனிய நாளாகட்டும்

6.40 அண்ணன்: அப்பா, ராத்திரி 2 மணிக்கு எந்த ஊரில் விடிகிறது?

6.44 நான்: ஒரு வாரமாகவே இப்படித்தான் வருகிறது, மேலே தள்ளிப் பார். திங்கட்கிழமை 1.35, 3.20, அப்புறம் 5 மணி. அம்மா, அப்பா தூங்குகிறாரா இல்லையா?

6.58 அம்மா: எங்கே தூங்குகிறார். ராத்திரியில் நாலு தடவை அஞ்சு தடவை பாத்ரூம் போகிறார், போனாலும் உடனே வருவதில்லை, பத்து நிமிஷம் உள்ளேயே நிற்கிறார். நான் முழித்துவிடுவேன் என்று லைட் போடாமல் சுவரைத் தடவிக்கொண்டே போவார். போன வெள்ளிக்கிழமை தலை சுற்றி வாளி மேலேயே விழப் பார்த்தார். பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு.

7.01 அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

7.03 அண்ணன்: என்னப்பா அழித்தீர்கள்? சென்னைக் கல்யாணத்துக்கு முழங்கால் வலி என்று வராமல் இருந்ததும் இதனால்தானா?

7.05 அம்மா: முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. பஸ்ஸை நடுவழியில் நிறுத்தச் சொல்ல வெட்கம். கோயிலுக்குப் போவதென்றால்கூட காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை.

7.12 சித்தப்பா: சுகராக இருக்கும். வயதானால் எல்லோருக்கும் உள்ளதுதானே, இதற்கு ஏன் இத்தனை பேச்சு.

7.20 அண்ணி: சுகரும் பார்க்க வேண்டும்தான் சின்ன மாமா. ஆனால் உடனே வராமல் நிற்பது, விட்டு விட்டு வருவது, போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பது போல இருப்பது, இதெல்லாம் எங்கள் யூராலஜி வார்டில் தினமும் கேட்கிற கதை, பெரும்பாலும் புராஸ்டேட்தான். யூரின் பைக்குக் கீழே உள்ள சுரப்பி அது, யூரின் குழாய் அதன் நடுவில்தான் வருகிறது, வயதாக ஆக வீங்கிக் குழாயை நெரிக்கும். 50 வயதுக்கு மேல் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வீக்கம் இருக்கும். இந்த வீக்கம் கான்சர் இல்லை, ஆனால் அது இல்லை என்று பார்த்துவிட வேண்டும். மாமா, என்னிடம் சொல்ல என்ன கூச்சம், எனக்கு இது வேலை.

7.31 அப்பா: நான் 8 மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். எல்லோரும் அவரவர் வேலையைப் பாருங்கள்.

7.32 அண்ணி: என்ன மாத்திரை மாமா? யார் எழுதிக் கொடுத்தது?

7.40 அம்மா: (மாத்திரை அட்டை படம்) வாக்கிங் வரும் வாத்தியார் அட்டையைக் காட்டினாராம், இவர் அதையே மெடிக்கலில் கேட்டு வாங்கியிருக்கிறார்.

7.46 அண்ணி: டாம்சுலோசின் 0.4. நல்ல மாத்திரைதான், குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும், வீக்கத்தைக் குறைக்காது. ஆனால் படுத்து எழுந்தவுடன் பிரஷர் இறங்கித் தலை சுற்றும், வெள்ளிக்கிழமை வாளிக்கதை அதுவாகக்கூட இருக்கலாம். அதைவிட முக்கியம், புதன்கிழமை கண்புரை ஆபரேஷன் இருக்கிறதே, கண் டாக்டரிடம் இந்த மாத்திரையைச் சொன்னீர்களா?

7.48 அப்பா: கண்ணுக்கும் இதற்கும் என்னம்மா சம்பந்தம்?

7.53 அண்ணி: இருக்கிறது மாமா. கருவிழித் திரையில் உள்ள தசையையும் இது தளர்த்திவிடும். ஆபரேஷன் நேரத்தில் கண் பாப்பா சரியாக விரியாது, திரை தொளதொளவென்று ஆடும். 2005-லேயே கண் டாக்டர்கள் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். முன்னாலேயே தெரிந்தால் அதற்குத் தகுந்த ஏற்பாட்டோடு செய்வார்கள், பயப்பட வேண்டாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், நிறுத்தினாலும் அந்தத் தொளதொளப்பு போகும் என்று நம்ப முடியாது. இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள்.

7.55 அண்ணன்: நான் இப்போதே பேசுகிறேன்.

8.10 சித்தப்பா: சரி, நானும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்றேனே, ஹெர்னியா இல்லை, இதுதான். சளி பிடித்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன், அன்று ராத்திரி ஒரு சொட்டு வரவில்லை. வயிறு பானை மாதிரி ஆகிவிட்டது. விடியற்காலையில் டியூப் போட்டு எடுத்தபோது போன உயிர் திரும்பி வந்தது.

8.11 நான்: சித்தப்பா!! ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தோமே!

8.12 சித்தப்பா: ஹார்லிக்ஸ் எதற்கானாலும் ஹார்லிக்ஸ்தான்.

8.20 அண்ணி: சில சளி மாத்திரைகள் அப்படி அடைத்துவிடும் மாமா, கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். கண் ஆறியதும் யூராலஜி டாக்டரிடம் போவோம். புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை, அப்புறம் யூரின் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேன். ஒரு தாளில் 7 கேள்வி கேட்டு 35-க்கு மார்க் போடுவார்கள்.

8.22 அப்பா: 35-க்கு எத்தனை எடுத்தால் பாஸ்?

8.23 அண்ணி: இதில் 35 வாங்கினால்தான் பெயில் மாமா. 20-ஐ எட்டினாலே தொந்தரவு அதிகம் என்று அர்த்தம். 3 நாள் எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனது என்று எழுதி வைத்தால் டாக்டருக்கு உதவும்.

8.24 நான்: நேரத்துக்கு இந்தக் குரூப்பைக் காட்டினால் போதும்.

8.26 அம்மா: அளப்பதற்கு என் சமையல் டம்ளரைத் தொட்டால் தெரியும் சேதி.

1.50 அப்பா: 150 மில்லி. லைட் போட்டுக்கொண்டுதான் போனேன்.

6.35 அண்ணன்: அப்பா, நோட்டில் எழுதச் சொன்னாள், குரூப்பில் இல்லை.