சாமந்தித் தாய்ச்செடியைப் பூக்கவிடாமல் வைத்திருப்பது – உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஓசூர், பாலிஹவுஸ்

தாய்ச்செடி வைத்துக் கட்டிங் (கிள்ளி நட்டு வேர்விட வைக்கும் நுனித்தண்டு) எடுக்கிறவர்கள் அவரவர் பார்த்ததை இங்கே எழுதினால் எல்லோருக்கும் உதவும். நானே தொடங்குகிறேன்.

சாமந்தி குறும்பகல் செடி. இரவு நீண்டால் மொட்டு வைக்கும், குறைந்தால் இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போகும். பெரும்பாலான ரகங்களுக்குப் பகல் 13½ மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் மொட்டுக்கான வேலை தொடங்கிவிடும். நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். ஓசூரில் ஜூன் மாத உச்சத்தில்கூடப் பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. டிசம்பரில் 11½ மணி நேரத்துக்கும் கீழே. அதாவது வருடம் முழுக்க நம் இரவு சாமந்தியைப் பூக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஹாலந்தில் ஜூன் மாதத்தில் 16 மணி நேரத்துக்கு மேல் பகல், அதனால் அவர்கள் கறுப்புத் திரை போட்டு இருட்டை உண்டாக்குகிறார்கள். நமக்கு நேர்மாறான வேலை. தாய்ச்செடி இளசாகவே இருக்க வேண்டுமென்றால் இரவில் லைட் போட்டே ஆக வேண்டும்.

நான் இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை போடுகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கே போட்டு விளக்கு நேரத்தை நீட்டுவதைவிட, நடு இரவில் இருட்டை இரண்டாக உடைப்பது குறைந்த கரண்டில் வேலையை முடிக்கிறது. செடிக்கு முக்கியம் பகலின் நீளம் அல்ல, இடையில் வெளிச்சம் படாத இருட்டின் நீளம். இதை ஹாம்னர், பானர் என்ற இரண்டு பேர் 1938-லேயே மருளூமத்தையை வைத்துக் காட்டிவிட்டார்கள்.

போன கார்த்திகையில் டிரான்ஸ்பார்மர் எரிந்து சில இரவுகள் லைட் இல்லாமல் போனது. ஜெனரேட்டர் டீசல் பூச்சிவலைக் குடிலின் மோட்டாருக்கே போதவில்லை. கரண்ட் வந்த பிறகு செடியைத் தூரத்திலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நுனியை விரலால் தடவினால்தான் தெரிந்தது. வழக்கமாக இளந்துளிர் மெத்தென்று பிரியும். இந்தச் செடிகளில் நடுவில் கடுகுபோல ஒரு கெட்டி. அதற்கு அடுத்த இலை, வழக்கமான வெட்டு விளிம்பு இல்லாமல், ரிப்பன் மாதிரி குறுகலாக, நேராக நின்றது. அந்த ரிப்பன் இலையைப் பார்த்துவிட்டால் அந்த நுனியைக் கட்டிங்குக்கு எடுக்கவே கூடாது. சோதனைக்காக ஒரு தட்டு மட்டும் தனியாக வைத்துப் பார்த்தேன். வேர் மெதுவாகத்தான் விட்டது. நட்ட பிறகு முழங்கால் உயரம்கூட வராமல் நுனியில் பூவைக் காட்டி நின்றுவிட்டது. அதே பாத்தியில் பக்கத்தில் நின்ற நல்ல கட்டிங்குகள் இடுப்பளவு போனது.

கட்டிங்கைப் புதுக் கன்று என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேர்தான் புதிது. நுனி, தாய் எந்தக் கட்டத்தில் இருந்ததோ அந்தக் கட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டுதான் வருகிறது.

ராயக்கோட்டை பக்கம், திறந்தவெளி

ஓசூர் அண்ணன் சொன்னது எனக்கு வேற விதமா நடந்ததுங்க. நமக்கு பாலிஹவுஸ் எல்லாம் கிடையாது. சாமந்தியில பூர்ணிமா ரகமும் சென்ட் எல்லோ ரகமும் காட்டுல போடறோம், ஆயுத பூஜையைக் கணக்கு வச்சு. ரோட்டோரம் உசரமான கம்பத்துல பெரிய எல்இடி விளக்கு போட்டாங்க. வெளிச்சம் நல்லதுதானே, பாம்பு பூச்சி தெரியும்னு எல்லாருக்கும் சந்தோசம்.

புரட்டாசி பொறந்து காடெல்லாம் மொட்டு கட்டுது. ரோட்டை ஒட்டுன ஓரத்துல மட்டும் ஒரு பட்டை பச்சையாவே நிக்குது. உரம் அதிகமாயிடுச்சான்னு பார்த்தோம், அதெல்லாம் இல்ல. ராத்திரி போயி நின்னு பார்த்தாதான் புரிஞ்சுது. விளக்கு வெளிச்சம் எங்க வரைக்கும் விழுதோ, அந்தக் கோட்டோட பச்சை நிக்குது. அளந்து வச்ச மாதிரி. நடுவுல ஒரு புளியமரம், அதோட நிழல் விழற எடத்துல மட்டும் செடி பூத்துச்சு. அதைப் பார்த்தப்ப உடம்பு சிலிர்த்துடுச்சுங்க.

பூ போச்சேன்னு எங்க அப்பாரு ரொம்ப வருத்தப்பட்டாரு. ஆனா அந்தப் பட்டையில இருந்த துளிர் அவ்வளவு கொழுகொழுன்னு இருந்துச்சு. வழக்கமா அறுவடை முடிஞ்சு, வேர்ல இருந்து கிளம்பற பக்கக் கன்னைப் பிரிச்சுதான் அடுத்த வருசத்துக்கு நடுவோம். அந்த வருசம் இந்த ஓரச் செடியோட நுனியைக் கிள்ளி நட்டோம். கன்னை விட ஒரே சீரா வந்துச்சு. இப்ப வேணும்னே அந்த ஓரத்தைத் தாய்ச்செடிக்குன்னு ஒதுக்கிட்டோம். பூ போடறதை உள்ளே தள்ளிட்டோம்.

நிலக்கோட்டை

நான் செண்டுப்பூ அனுபவத்தைச் சொல்கிறேன். வீரிய ரக விதை ஒவ்வொன்றுக்கும் காசு. அதனால் எங்கள் பக்கம் சிலர் வாங்கிய நாற்றிலிருந்தே நுனி கிள்ளி வேர்விட வைத்து நாற்றைப் பெருக்குகிறார்கள். கிள்ளிய செடியும் பக்கம் கிளைக்கும், கிள்ளிய நுனியும் செடியாகும், இரட்டை லாபம் என்று கணக்கு. வேர்விடுவதில் சிக்கலே இல்லை, செண்டு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் சாமந்தியைப்போலச் செண்டு சொன்ன பேச்சைக் கேட்காது. இரவு நீண்டால் அதுவும் சீக்கிரம் பூக்கும்தான், ஆனால் இரவைக் குறைத்தாலும் ஒரு வயது வந்ததும் பூத்தே தீரும். லைட் போட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஐந்தாறு ஜோடி இலை வந்த செடியின் நுனியைக் கிள்ளினால் உள்ளே மொட்டு ஏற்கெனவே உருவாகியிருக்கும். அந்தக் கட்டிங் தட்டிலேயே, வேர்விடும்போதே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு மொட்டைத் தூக்கிவிடும். மொட்டைக் கிள்ளிப்போட்டால் பக்கத்தில் இன்னொரு மொட்டு. தை மாதக் குளிரில் நட்ட கட்டிங் ஒரு சாண் உயரத்தில் ஒற்றைப் பூவோடு நின்றதை எங்கள் ஊரில் பல தோட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

மிகவும் இளம் நாற்றின் முதல் கிள்ளல், அல்லது அடிக் கணுவில் வரும் சிம்பு, இந்த இரண்டும் ஓரளவு தேறும். தக்காளியில் குட்டை ரகங்களும் இப்படித்தான். இரவு எவ்வளவு நீளம் என்று பார்க்காமல் வயதைப் பார்த்தே பூக்கிற செடிக்குத் தாய்ச்செடி வைத்துப் பராமரிப்பது காசுக்கும் உழைப்புக்கும் தண்டம் என்பது என் முடிவு. விதை வாங்குங்கள். இரவைப் பார்த்துப் பூக்கிற செடிக்கு மட்டும் இந்த வேலையைச் செய்யுங்கள்.

தேன்கனிக்கோட்டை, நாற்றங்கால்

ஓசூர் அண்ணா, லைட்டைப் பற்றி நீங்கள் எழுதியது முழுக்கச் சரி. ஒன்று விட்டுப்போனது. தாய்ச்செடிக்கு லைட் போடுகிறவர்கள் வேர்விடும் தட்டுக்குப் போட மறந்துவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து நாள் கட்டிங் குழித்தட்டில் இருக்கிறது. வேர் இல்லாவிட்டாலும் இலை இருக்கிறது, இரவின் நீளத்தை இலைதான் அளக்கிறது. அந்த இரண்டு வாரம் நீண்ட இரவு கிடைத்தால் தாய்ச்செடிக்குப் போட்ட கரண்ட் எல்லாம் வீண்.

எங்கள் நாற்றங்காலில் கட்டிங்கைக் கத்தியால் வெட்டுவதில்லை, கையால் ஒடிக்கிறோம். காலையில் செடி நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும்போது நுனியை இரண்டு விரலில் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்தால் ‘டக்’ என்று ஒடியும். ஒடியாமல் நார் இழுத்தால் அது முற்றல், வேண்டாம். ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் நீளம், கீழே தாய்ச்செடியில் இரண்டு இலையாவது மிச்சம். அந்த இரண்டு இலைக் கக்கத்திலிருந்துதான் அடுத்த துளிர். அடியில் ஐபிஏ என்ற வேர்தூண்டும் பொடி தொட்டு, கழுவிய நார்க்கழிவில் ஊன்றி, ஈரப்புகை கொடுக்கிறோம்.

கத்தியை ஒதுக்கியதற்கு ஒரு காரணம் உண்டு. சாமந்திக்குக் குட்டை நோய் ஒன்று வருகிறது. வைரஸைவிடச் சின்ன வைராய்டு கிருமி, செடியின் சாற்றில் பரவுவது. நோயுள்ள ஒரு தாய்ச்செடியை வெட்டிய கத்தி அடுத்தடுத்த செடிகளுக்கெல்லாம் அதைக் கொண்டுபோகும். இலை சிறுத்து, செடி பாதி உயரத்தில் நின்று, மற்றதைவிட முன்னால் பூக்கும். மருந்து கிடையாது. விதையில் ஒரு செடி கெட்டால் ஒன்றோடு போகும், கட்டிங்கில் ஒரு தாய் கெட்டால் ஒரு தலைமுறையே கெடும். முன்னால் பூத்த குட்டைச் செடியைப் பார்த்ததும் லைட்டைக் குறை சொல்லாதீர்கள், அது மட்டும் தனியாகப் பூத்திருக்கிறதா, வரிசையே பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வரிசையே என்றால் லைட். அங்கொன்று இங்கொன்று என்றால் பிடுங்கி எரித்துவிடுங்கள்.

ஓசூர், பாலிஹவுஸ்

தேன்கனிக்கோட்டைத் தங்கச்சி சொன்ன தட்டு விஷயம் முக்கியம், எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். தனிச்செய்தியில் பலர் கேட்டதால் லைட் பற்றி இன்னும் கொஞ்சம்.

செடி மட்டத்தில் வெளிச்சம் 70 முதல் 100 லக்ஸ் இருந்தால் போதும். பழைய குண்டு பல்புக்குப் பதில் எல்இடி போடலாம், ஆனால் சிவப்பு வெளிச்சம் அதில் நிறைய இருக்க வேண்டும். இரவைக் கணக்குப் பார்க்கிற பைட்டோகுரோம் நிறமி சிவப்புக்குத்தான் அசைகிறது. 1952-ல் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழு அமெரிக்காவில் இதைக் கண்டுபிடித்தது, லெட்யூஸ் என்ற சாலட் கீரையின் விதையில். மஞ்சள் சாயலுள்ள வெள்ளை எல்இடி எனக்கு நன்றாக வேலை செய்கிறது. போன் செயலியில் லக்ஸ் அளக்கிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான கணக்கு. தனிச் சிவப்பு விளக்கில் அது குறைவாகக் காட்டும், செடிக்குப் போதுமானது போய்ச் சேர்ந்திருக்கும்.

நாலு மணி நேரமும் தொடர்ந்து எரிய வேண்டிய அவசியமும் இல்லை. அரை மணிக்கு ஆறு நிமிடம் எரிந்து இருபத்துநாலு நிமிடம் அணைகிற மாதிரி டைமர் வைத்தால் கரண்ட் ஐந்தில் ஒரு பங்குதான். குடிலை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்து மாற்றி மாற்றி எரியவிட்டால் சின்ன இன்வெர்ட்டரே தாங்கும். டிரான்ஸ்பார்மர் விவகாரத்துக்குப் பிறகு நான் இந்த முறைக்கு மாறிவிட்டேன்.

எவ்வளவு லைட் போட்டாலும் தாய்ச்செடியை வருடக்கணக்கில் வைத்திருக்க முடியாது. நுனியில் இலை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் நீண்ட பகலிலும் ஒருநாள் மொட்டு வைத்தே விடும். வாரம் தவறாமல் நுனியை எடுத்துக்கொண்டிருப்பதால்தான் அது தள்ளிப்போகிறது. நான்கைந்து மாதத்தில் தண்டு முற்றிக் கட்டிங் மெலியத் தொடங்கும். அதற்கு முன்பே அடுத்த தாய்ச்செடிகளை வேறு பாத்தியில் தயாராக்குங்கள். அதற்கான கட்டிங்கை நல்ல தாயின் முதல் சில அறுவடைக்குள் எடுத்துவிடுவது நல்லது.

ராயக்கோட்டை பக்கம், திறந்தவெளி

அண்ணா, அப்ப பூஜைக்குப் பூ வேணும்னா அந்த ஓரத்துக் கட்டிங்கை எப்ப உள்ளே தள்ளணும்?

ஓசூர், பாலிஹவுஸ்

இரவு வெளிச்சம் நின்ற நாளிலிருந்து ரகத்தைப் பொறுத்து 8 முதல் 10 வாரம். பூஜைக்கு ஒன்பது வாரம் முன்னால் செடி முழு இருட்டில் இருக்க வேண்டும், அப்போது முழங்கால் உயரமாவது வந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்னால் நடவு, அதற்கும் இரண்டு வாரம் முன்னால் கட்டிங். ஆனியில் ஒடித்து, தட்டுக்கும் அந்தக் கம்பத்து வெளிச்சமே படுகிற மாதிரி வையுங்கள். புளியமரத்து நிழலில் மட்டும் வேண்டாம்.