30% இருக்கும்போதே போன் அணைந்துவிடுகிறது. வேக சார்ஜர்தான் காரணமா? அவசரம்

சாலையோரம் · பிற்பகல் 3:40
வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரமாக என் போன் 30% காட்டும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. சார்ஜரில் செருகி ஆன் செய்தால் 26, 27 என்று காட்டுகிறது. அதாவது சார்ஜ் உள்ளே இருக்கிறது, போன்தான் செத்துவிடுகிறது. போனோடு வந்த வேக சார்ஜரைத்தான் பயன்படுத்துகிறேன். அதுதான் பேட்டரியைத் தின்றுவிட்டது என்று தம்பி அடித்துச் சொல்கிறான். பழைய போனின் 10 வாட் சார்ஜர் வீட்டில் கிடக்கிறது. இனி அதையே போட்டால் பேட்டரி பழையபடி ஆகிவிடுமா? இன்று மாலைக்குள் தெரிந்தால் நல்லது. நாளைக் காலை 5 மணிக்கு வேலை, போன் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

மெல்லமெல்ல · பிற்பகல் 3:52
தம்பி சொன்னதில் தப்பே இல்லை. வாய் குறுகிய குடத்தில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? நான் 10 வாட்டைத் தாண்டியதே இல்லை. இரவு செருகிவிட்டுத் தூங்குவேன், காலையில் எடுப்பேன். முந்தைய போன் நான்கு வருடம் ஓடியது. பழைய சார்ஜரையே போடுங்கள், ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

ஸ்க்ரூடிரைவர் · பிற்பகல் 4:01
சரியாகாது. தேய்ந்த பேட்டரி எந்த சார்ஜருக்கும் திரும்பி வராது.

சாலையோரம், இதெல்லாம் தெரியாமல் யாரும் உருப்படியாகச் சொல்ல முடியாது. என்ன போன், வாங்கி எவ்வளவு நாள், சார்ஜர் எத்தனை வாட், அணையும் நேரத்தில் போனில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், சூடாகிறதா? அப்புறம் உறையைக் கழற்றிவிட்டுப் பின்மூடியின் ஓரம் எங்காவது தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இதை முதலில் பாருங்கள்.

மின்வாத்தி · பிற்பகல் 4:09
இந்தக் கேள்வி இங்கே மாதம் இரண்டு தடவை வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. சரி, இன்னொரு முறை பாடம் எடுக்கிறேன்.

திரையில் தெரியும் 30% என்பது தண்ணீர்த் தொட்டியில் அளவுகோல் விட்டுப் பார்த்த அளவு இல்லை. உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தைக் கூட்டிக் கழித்து, மின்னழுத்தத்தையும் பார்த்து போன் போடும் கணக்கு. பேட்டரி முதுமை அடையும்போது இரண்டு நடக்கிறது: கொள்ளளவு குறைகிறது, உள்தடை (மின்னோட்டம் வெளியே வருவதற்குப் பேட்டரியே காட்டும் எதிர்ப்பு) ஏறுகிறது. உங்கள் போனைச் சாய்ப்பது இரண்டாவது.

உள்தடை 0.1 ஓம் என்று வையுங்கள். போன் ஒரு கணம் 2 ஆம்பியர் இழுத்தால் 0.2 வோல்ட் விழும். 3.7 வோல்ட்டில் இருந்தது 3.5-க்கு வரும், போன் தாங்கும். அதே உள்தடை 0.25 ஓம் ஆகிவிட்டால் 0.5 வோல்ட் விழும். 3.2-க்கு வந்ததும் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைத்துக்கொள்ளும். பேட்டரிக்குள் மிச்சம் இருக்கிறது, கேட்ட வேகத்தில் கொடுக்கத்தான் அதற்குத் தெம்பு இல்லை. பழைய ஐபோன்கள் இப்படி அணையாமல் இருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் 2017-இல் ஒப்புக்கொண்டதும் இதே கதைதான். படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

பழசுதான்தங்கம் · பிற்பகல் 4:15
இவ்வளவு கணக்கு எதற்கு சார். போனை 0 வரை இறக்கி, அணைத்து வைத்து, 8 மணி நேரம் விடாமல் ஏற்றணும். மூன்று முறை. நான் எந்த போன் வாங்கினாலும் முதல் வேலை அதுதான்.

மின்வாத்தி · பிற்பகல் 4:19
அது நிக்கல் காட்மியம் காலத்து வைத்தியம். அந்தப் பேட்டரிக்கு நினைவு விளைவு உண்டு, அதாவது முழுக்க இறங்காமல் திரும்பத் திரும்ப ஏற்றினால் அந்தக் குறைந்த அளவுக்கே பழகிவிடும். சோனி 1991-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனிக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதை அடிக்கடி 0-க்கு இறக்கினால் கெடுதல்தான். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

பழசுதான்தங்கம் · பிற்பகல் 4:21
எனக்கு வேலை செய்கிறதே?

ஸ்க்ரூடிரைவர் · பிற்பகல் 4:26
நடுவில் ஒன்று. ஒருமுறை முழுக்க இறக்கி ஏற்றினால் சதவீதக் கணக்கு கொஞ்சம் நேராகும். அணையும்போது 30 என்று காட்டுவதற்குப் பதில் 8 என்று காட்டலாம். பேட்டரி மாறாது, பொய் குறையும். அண்ணன் 'வேலை செய்கிறது' என்பது இதுவாக இருக்கலாம்.

ஒயர்மேன் · பிற்பகல் 4:30
கேபிளைப் பாருங்க கேபிளை. பத்துக்கு எட்டு கேஸ் கேபிள்தான். துளையில் பஞ்சு அடைத்திருக்கும், மரக்குச்சியால் மெதுவாக எடுத்தால் வந்துவிடும்.

ஸ்க்ரூடிரைவர் · பிற்பகல் 4:33
கேபிள் கெட்டால் மெதுவாக ஏறும், இல்லை ஏறவே ஏறாது. கேபிள் செருகாத போன் 30%-இல் அணைவதற்குக் கேபிள் என்ன பாவம் செய்தது?

அரைத்தூக்கம் · பிற்பகல் 4:41
எனக்கும் இதே பிரச்சினை. தீர்வு கிடைத்தால் சொல்லவும்.

சாலையோரம் · பிற்பகல் 5:05
எல்லோருக்கும் நன்றி. போன் வாங்கி ஒன்றரை வருடம். 67 வாட், 5000 மில்லி ஆம்பியர் அவர். மாடல் பெயர் போட்டால் இங்கே வேறு சண்டை தொடங்கும், அது வேண்டாம். கேமராவைத் திறக்கும்போதுதான் பெரும்பாலும் அணைகிறது. 67 வாட் அதிகம்தானே?

ஸ்க்ரூடிரைவர் · பிற்பகல் 5:18
கேமரா என்றால் வாத்தியார் சொன்ன உள்தடை கணக்கு சரியாகப் பொருந்துகிறது. கேமரா திறக்கும் அந்த நொடியில் போன் நிறைய இழுக்கும்.

67-க்கு வருவோம். 5000 மில்லி ஆம்பியர் அவரை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் பேட்டரியில் அடங்கும் மொத்த ஆற்றல் வரும்: 19 வாட்-மணியை விடக் கொஞ்சம் அதிகம். 67 வாட் விடாமல் ஏறினால் 17, 18 நிமிடத்தில் நிரம்பியிருக்க வேண்டும். உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது? 45 நிமிடமாவது ஆகும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த 67 தொடக்கத்தில் கொஞ்ச நேரம்தான். பேட்டரி காலியாக இருக்கும்போது அள்ளி வாங்கும், நிரம்ப நிரம்பப் போனே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும். கடைசி 10% பழைய சார்ஜர் மாதிரிதான் ஏறும். எவ்வளவு வேண்டும் என்று கேட்பது போன், சார்ஜர் கேட்டதைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். மெல்லமெல்ல சொன்ன குடத்துக்குத் தன் வாயைத் தானே மூடத் தெரியும்.

வேக சார்ஜ் போன்கள் பலவற்றில் பேட்டரிக்குள் இரண்டு செல் (மின்சாரத்தைச் சேமிக்கும் தனித்தனி அலகு) இருக்கும். வருகிற சக்தி இரண்டுக்கும் பாதி பாதி. 67 வாட் என்றதும் ஒரே செல்லில் போய் முட்டுகிறது என்று நினைக்காதீர்கள்.

மெல்லமெல்ல · பிற்பகல் 5:24
அப்போ வேக சார்ஜால் தேய்மானமே இல்லை என்கிறீர்களா?

ஸ்க்ரூடிரைவர் · பிற்பகல் 5:31
இல்லை என்று சொல்லவில்லை. சூடு கூடும், சூடு கெடுக்கும். உடல் உறையும் குளிரில் வேகமாக ஏற்றினால் லித்தியம் உள்ளே போகாமல் மின்வாயின் மேலேயே படியும், அதுவும் கெடுதல். ஆனால் நல்ல போனில், சாதாரண வெப்பத்தில், உறையைக் கழற்றி வைத்து ஏற்றினால் வித்தியாசம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. ஒன்றரை வருடத்தில் ஒரு பேட்டரி 30%-இல் சாய்கிறது என்றால் நான் வேறு எதையோ தேடுவேன். சாலையோரம், அமைப்புகளில் பேட்டரி பகுதியில் சுழற்சி எண்ணிக்கை காட்டுகிறதா பாருங்கள். பின்மூடியைப் பார்த்தீர்களா?

வரம்பு80 · பிற்பகல் 5:36
யாரும் இதைச் சொல்லவில்லையே. 80%-இல் நிறுத்தும் வசதியை முதல் நாளே போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

மெல்லமெல்ல · பிற்பகல் 5:40
இரண்டு வருடம் கழித்து 20% போய்விடும் என்று பயந்து இன்றைக்கே 20%-ஐத் தியாகம் செய்வது என்ன கணக்கு?

வரம்பு80 · பிற்பகல் 5:47
தேவைப்படும் நாளில் 100 வைத்துக்கொள்ளலாமே, யார் தடுத்தது? முழுசாக நிரம்பிய நிலையில் இன்றைய செல் 4.4 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அந்த உயர் அழுத்தத்தில் மணிக்கணக்காக உட்காருவதுதான் அதற்கு ஆகாது. இரவெல்லாம் செருகி வைக்கும் உங்கள் 10 வாட் முறையில் அதுதான் நடக்கிறது.

மெல்லமெல்ல · பிற்பகல் 5:50
என் போன் நான்கு வருடம் ஓடியது என்று சொன்னேன்.

மின்வாத்தி · பிற்பகல் 5:58
ஒரு போனை வைத்து விதி எழுதக் கூடாது. ஆப்பிள் ஐபோன் 14 வரைக்கும் 500 சுழற்சிக்கு 80% கொள்ளளவு என்று கணக்கு வைத்தது, 15 முதல் 1000. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் போன்கள் 800 சுழற்சிக்குப் பிறகும் 80% வைத்திருக்க வேண்டும் என்று விதி. வேக சார்ஜ் போன்களும் அதில் அடக்கம். ஒரு சுழற்சி என்பது ஒருமுறை செருகுவது இல்லை, மொத்தமாக 100% செலவாவது. இதையும் யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

சொல்லாய்வன் · மாலை 6:04
தலைப்புக்கு வெளியே ஒன்று. பேட்டரி, சார்ஜ் என்று எழுதிக்கொண்டே போகிறோமே. மின்கலம், மின்னூட்டம் என்று எழுதினால் யாருக்குப் புரியாது?

மின்வாத்தி · மாலை 6:08
கலம் என்றால் செல். பேட்டரிக்கு மின்கல அடுக்கு என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. மேலே ஸ்க்ரூடிரைவர் இரண்டு செல் என்று எழுதியிருக்கிறார். அங்கே மின்கலம் என்று போட்டால் எது முழுசு, எது பாதி?

சொல்லாய்வன் · மாலை 6:13
ஒற்றைச் செல் போன்தான் ஏராளம். அதற்கு மின்கலம் சரியான சொல்.

வரம்பு80 · மாலை 6:15
மின்னூட்டமா, மின்னேற்றமா? முதலில் அதை முடிவு செய்யுங்கள்.

சாலையோரம் · மாலை 6:27
சுழற்சி 438 என்று காட்டுகிறது. முழுசாக ஏற ஏறக்குறைய 45 நிமிடம்தான், சரியாகச் சொன்னீர்கள். காலையில் குளித்துக் கிளம்பும் நேரத்தில்தான் 67 வாட்டில் போடுவேன், ஒரு நாளைக்கு ஒரு தடவை. மற்ற நேரம் காரில் உள்ள யூஎஸ்பியில்.

சொல்ல மறந்துவிட்டேன், நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன். போன் காலையிலிருந்து மாலை வரை முன் கண்ணாடியில் ஒட்டிய ஹோல்டரில்தான். வரைபடம் ஓடிக்கொண்டே இருக்கும், வெளிச்சம் முழுசாக. மதியம் ஆனால் 'வெப்பம் அதிகம், சார்ஜ் நிறுத்தப்பட்டது' என்று வரும். கழற்றி ஏசி முன்னால் ஒரு நிமிடம் பிடித்துவிட்டு மறுபடி மாட்டுவேன். தினமும் வருவதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்க்ரூடிரைவர் · மாலை 6:34
அண்ணே. இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

438 சுழற்சி ஒரு பேட்டரிக்குப் பெரிய வயதே இல்லை. வேக சார்ஜ் ஒரு நாளில் முக்கால் மணி நேரம், அதுவும் காலைக் குளிர்ச்சியில். மிச்ச நேரம் முழுக்க உச்சி வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் வேகிறது. மேலே வெயில், உள்ளே வரைபடம் ஓடும் சூடு, கூடவே ஏறும் சார்ஜின் சூடு. சுற்றுப்புறம் 35 டிகிரி தாண்டினாலே கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிள் எச்சரிக்கிறது. மூடிய கண்ணாடிக்குப் பின்னால் 35 எல்லாம் காலை 9 மணி வெப்பம். இத்தனைக்கும் காரில் உள்ள சாதாரண யூஎஸ்பி கொடுப்பது பழைய 10 வாட் சார்ஜர் அளவுக்குக்கூட இருக்காது.

வரம்பு80 · மாலை 6:37
அப்படியென்றால் கெடுத்தது மெதுவான சார்ஜரா? மெல்லமெல்ல, எங்கே போனீர்கள்?

மெல்லமெல்ல · மாலை 6:41
வெயிலில் வைத்தால் எதுதான் கெடாது? நான் சொன்னது வேறு.

ஸ்க்ரூடிரைவர் · மாலை 6:43
மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். பின்மூடி?

சாலையோரம் · மாலை 6:52
இப்போதுதான் உறையைக் கழற்றினேன். இடது ஓரத்தில் ஒரு நகம் நுழையும் அளவுக்கு மூடி பிரிந்திருக்கிறது. மேசையில் வைத்தால் லேசாக ஆடுகிறது. பசை போய்விட்டதா? அழுத்தினால் உட்காருகிறது.

ஸ்க்ரூடிரைவர் · மாலை 6:54
அழுத்தாதீர்கள்! பசை இல்லை, பேட்டரி ஊதியிருக்கிறது. உள்ளே வாயு சேர்ந்து உப்புவது. உறை இறுக்கிப் பிடித்திருந்ததால் தெரியவில்லை.

இனி அதில் எந்த சார்ஜரையும் செருக வேண்டாம், 10 வாட்டும் கூடாது. அணைத்துவிட்டு, துணி, மெத்தை, காகிதம் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். நீங்களே பிரித்துப் பார்க்காதீர்கள், குத்திவிட்டால் தீப்பிடிக்கும். நாளைக்குக் காரில் மாட்டவே கூடாது. தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்தில் கொடுத்துப் பேட்டரியை மாற்றுங்கள்.

அந்த 10 வாட் சார்ஜரின் பழைய போன் இன்னும் இருக்கிறதா? சிம்மை அதில் போட்டு நாளையை ஓட்டுங்கள்.

சாலையோரம் · மாலை 6:58
இருக்கிறது. நன்றி. அணைத்துவிட்டேன்.

சொல்லாய்வன் · மாலை 7:20
மின்னூட்டம் என்பது பொருளில் இருக்கும் பண்பு. ஏற்றும் செயலுக்கு மின்னேற்றம்தான் பொருத்தம். இலங்கைப் பாட நூல்களில் முதலாவதுக்கும் மின்னேற்றம் என்றே இருக்கும், அங்கேதான் குழப்பம்.

மின்வாத்தி · மாலை 7:31
குழப்பம் அங்கே இல்லை, உங்களிடம்.

ஒயர்மேன் · மாலை 7:45
முழுசாகப் படிக்கவில்லை. கேபிள் மாற்றியாச்சா?

சாலையோரம் · 9 நாள் கழித்து
பேட்டரி மாற்றியாச்சு. நேற்று 3% வரை ஓடியது, கேமராவும் திறந்தது. ஹோல்டரைக் கண்ணாடியிலிருந்து எடுத்து ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டிவிட்டேன், உறையையும் கழற்றிவிட்டேன். மதிய அறிவிப்பு வரவில்லை. கழற்றிய பேட்டரியைக் காட்டினார்கள், தலையணை மாதிரி இருந்தது. தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.

மெல்லமெல்ல · 9 நாள் கழித்து
மகிழ்ச்சி. இப்போது எந்த சார்ஜர் போடுகிறீர்கள்?

அரைத்தூக்கம் · 16 நாள் கழித்து
சார், நானும் காரில்தான் வைக்கிறேன். ஆனால் ஓட்டுவது இரவில்.

ஸ்க்ரூடிரைவர் · 16 நாள் கழித்து
தனி இழை போடுங்கள். என்ன போன், எத்தனை வருடம், பின்மூடி எப்படி இருக்கிறது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.