தூங்கவிடாத சுண்டெலிகள்: எந்தக் குழுவோடு ஒப்பிடுவது?

புறணி:
12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு. விளக்கு எரிவது 0 மணி என்று கணக்கு. 0 முதல் 6 மணி வரை தூங்கவிடாமல் வைத்து, பெருமூளைப் புறணியில் ஆர்என்ஏ (எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் நகல்) எடுக்கத் திட்டம். 0 மணிக்கு எடுத்த எலிகளோடு ஒப்பிட்டால் போதுமா? பெர்2 என்ற ஜீனின் ஆர்என்ஏ ஏறியிருந்தால் உடற்கடிகாரம் தள்ளிப்போயிற்று என்று எழுதலாமா?

விளக்கு_0:
போதாது. அந்த 6 மணி நேரத்தில் கடிகாரமும் நகர்ந்திருக்கும். எது பொழுதால் வந்தது, எது தூக்கம் கெட்டதால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. அதே 6ஆம் மணியில், தொந்தரவின்றித் தூங்கிய எலிகள்தான் சரியான ஒப்பீடு. கூடவே 18ஆம் மணியில் ஒரு குழு வையுங்கள். இருட்டில் நடமாடும் விலங்கு என்பதால் அப்போது அவை தாமாகவே விழித்திருக்கும். விழிப்பால் ஏறும் ஜீன் அங்கேயும் ஏறியிருக்க வேண்டுமே!

இது சில்லறை விஷயமில்லை. 2007இல் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகக் குழு நான்கு வேளைகளில் தூக்கத்தைக் கெடுத்துப் பார்த்தது. மூளையில் நாள்தாளத்தோடு ஏறியிறங்கிய 2,032 ஆர்என்ஏக்களில் 391 மட்டுமே தாளத்தைக் காத்தன.

பெர்2 பற்றி: எழுதாதீர்கள். அது கடிகார ஜீன்தான், ஆனால் புறணியில் விழித்திருந்தாலே ஏறும். கடிகாரத்தின் கட்டம் (தாளம் உச்சம் தொடும் வேளை) நகர்ந்தது என்று சொல்ல ஒரே ஒரு நேரப்புள்ளி உதவாது. 4 மணிக்கொரு தடவை, 48 மணி நேரம் எடுங்கள். இல்லையென்றால் தொடர் இருட்டில் எலிகள் கூண்டிலுள்ள சக்கரத்தில் ஓடத் தொடங்கும் நேரத்தைப் பாருங்கள்.

பனிக்கட்டி:
சோதனை கெடுவது பெரும்பாலும் மூளையை எடுக்கும் முன் கடைசி அரை மணியில்தான். நரம்பணு தூண்டப்பட்டதும் ஏறும் சி-ஃபாஸ் ஜீனின் ஆர்என்ஏ 30 நிமிடத்தில் உச்சம் தொடும். அந்த நேரத்தில் புதுப் பொருளைக் கூண்டில் போட்டால் நீங்கள் அளப்பது புதுமையின் விளைவு. மென்மையான தூரிகையும் கூடு கட்டும் பஞ்சும் போதும். எல்லா எலிகளையும் ஒன்றாகத் தொடங்காதீர்கள். வரிசையில் காத்திருக்கும் கடைசி எலி அசந்து தூங்கிவிடும். 15 நிமிட இடைவெளியில் தொடங்கி, தூங்கியது ஒன்று, தூங்காதது ஒன்று என மாற்றி மாற்றி எடுங்கள். மூளை உடனே திரவ நைட்ரஜனில். இருட்டுக் குழுவுக்கு மங்கலான சிவப்பு வெளிச்சம் மட்டும்.

விளக்கு_0:
ஆமாம். அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் அழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டிரோனையும் அளந்துவிடுங்கள். அட்ரீனல் நீக்கிய எலிகளில் தூக்கமிழப்புக்கு மாறும் ஜீன்கள் வெகுவாகக் குறைகின்றன. தூக்கமிழப்பில் ஏறும் ஹோமர்1ஏ ஜீனின் ஏற்றம் அப்போதும் நீடிக்கிறது.

நரம்புமுனை:
ஆர்என்ஏவோடு நிறுத்தாதீர்கள். 2019இல் நரம்புச் சந்திப்புகளைப் பிரித்தெடுத்துப் பார்த்ததில், தூக்கம் கெட்ட பிறகும் அந்தச் சந்திப்புகளில் ஆர்என்ஏ தாளம் பெரும்பாலும் நீடித்தது. புரதத் தாளம்தான் குலைந்தது. ஒரு பாதி மூளையைப் புரதத்துக்கென்று உறையவைத்து ஒதுக்குங்கள்.