அம்மாவின் மருந்துச் செலவைக் குறைக்க வழி உண்டா?

கேள்வி (களுவாஞ்சிக்குடி):
அம்மாவுக்குப் பிரஷரும் சீனி வருத்தமும். கிளினிக்கில் மருந்து இலவசம்தான். ஆனால் சில மாதங்களில் ஒரு குளிசை முடிந்துவிட்டதென்று வெளியே வாங்கத் துண்டு எழுதித் தருகிறார்கள். பாமசியில் கொடுக்கிற காசு தாங்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில் (கல்முனை, ஓய்வுபெற்ற தாதி):
தம்பி, துண்டில் இருப்பது கம்பனிப் பெயரா, மருந்தின் பெயரா என்று முதலில் பாருங்கள். சீனி வருத்தத்துக்கான ‘மெற்போமின்’ என்று மருந்தின் பெயர் மட்டும் எழுதியிருந்தால், அதே மருந்தில் விலை குறைந்த கம்பனியுடையதைக் கேட்டு வாங்கலாம். பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் இலங்கை அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியதும் இதற்காகத்தான். நாட்டுக்கே மொத்தமாக, மருந்தின் பெயரில் டெண்டர் போட்டால் விலை விழும். அந்தக் கூட்டுத்தாபனத்தின் பாமசியான ஒசுசலவிலும் விசாரியுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேணும். கட்டணம் இல்லாவிட்டால் மட்டும் போதாது, அலுமாரியில் மருந்து இருக்க வேணும். கையிருப்பு பாதியாகும்போதே ஓடர் அனுப்புகிற மருந்தாளர் இருக்கிற இடத்தில் சனம் அலைவதில்லை. நல்ல டொக்டரைப் போலவே அவரும் முக்கியம்.

பதில் (ஆரையம்பதி):
அக்கா சொன்னது சரி. கிட்ட இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு மாற்றித் தரமுடியுமா என்றும் டொக்டரிடம் கேளுங்கள். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிஞ்சும்.

கேட்டவர்:
துண்டைப் பார்த்தேன் அக்கா, கம்பனிப் பெயர்தான். அடுத்த கிளினிக்கில் மருந்தின் பெயரை எழுதித் தரச்சொல்லிக் கேட்கிறேன்.