புதுப்பிப்பு: ஆக்சில் ஜாயின்ட்டுக்கு வீட்டிலேயே கிரீஸ் வைத்தாயிற்று

போன மாதம் கேட்டிருந்தேன்: பழைய ஆல்டோ, முன் ஆக்சிலில் சத்தம் எதுவும் இல்லை, ஆக்சில் ஷாஃப்ட்டைக் கழற்றாமல் சிவி ஜாயின்ட்டுக்கு (சக்கரம் திரும்பினாலும் ஷாஃப்ட்டின் சுழற்சியை அதற்குக் கடத்தும் இணைப்பு) புது கிரீஸ் ஏற்றலாமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஏற்றலாம்.

ஜாயின்ட்டை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையை (பூட்) ஊசியால் குத்தி ஏற்றும் யோசனையை விட்டுவிட்டேன். அந்த ஓட்டை வழியாகவே தண்ணீரும் மண்ணும் போகும். கைகொடுத்தது, பூட்டின் குறுகிய வாயை ஷாஃப்ட்டோடு இறுக்கும் சின்ன கிளாம்ப்பை மட்டும் வெட்டச் சொன்னவரின் வழிதான். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, பூட்டைச் சுற்றி நன்றாகத் துடைத்தேன். கிளாம்ப்பை வெட்டி, பூட்டின் வாயை விலக்கி, பெரிய சிரிஞ்சில் டியூப் மாட்டி மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸை உள்ளே தள்ளினேன். சாதாரண வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம்.

புது கிளாம்ப் போட்டதும் பூட் பலூன் மாதிரி உப்பிக்கொண்டது! மொண்ணை ஸ்க்ரூடிரைவரால் வாயைக் கொஞ்சம் தூக்கிக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் மறுபடி இறுக்கினேன்.

இடது பக்கம்தான் எதிர்பாராதது. உள்ளிருந்து வந்த கிரீஸ் நீர்த்துப்போய், விரலில் தேய்த்தால் நறநறவென்றது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துப் பார்த்தால் பூட்டின் மடிப்புக்குள் மயிரிழை வெடிப்பு. அதற்கு மேலே கிரீஸ் வைப்பது வீண். மெக்கானிக்கிடம் விட்டு, ஜாயின்ட்டைக் கழுவிப் புது பூட் போட்டேன். ஷாஃப்ட்டைக் கழற்றும்போது கியர் ஆயில் கொஞ்சம் கொட்டும், மறக்காமல் அளவு பார்த்து ஊற்றச் சொல்லுங்கள்.

600 கி.மீ. ஓடியாயிற்று. ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறிக்கவில்லை, அதாவது பூட் கசியவில்லை.