செப்டம்பர் கடைசியில் காட்டு நடை: இலை நிறமும் உண்ணியும்

கேள்வி: வட அமெரிக்காவுக்குப் புதிது. பிள்ளைகளோடு காட்டுப் பாதையில் நடக்கப் போகிறோம். இலை நிறம் மாறியிருக்குமா? எதில் கவனம் வேண்டும்?

பதில்: தொடங்கியிருக்கும். ஆனால் எல்லா மரமும் ஒரே வாரத்தில் மாறாது. கிழக்குப் பகுதியில் ஈர நிலத்துச் சிவப்பு மேப்பிள் முந்திக்கொள்ளும், ஓக் கடைசி. பகல் குறையக் குறைய இலையில் பச்சையம் அழியும், அதுவரை மறைந்திருந்த மஞ்சள் தெரியும். பெரும்பாலான மரங்களில் சிவப்பு அப்படியல்ல. இலையில் தங்கிவிட்ட சர்க்கரையைக் கொண்டு அப்போதுதான் உருவாகிறது. அதனால் நல்ல வெயில் பகலும் உறைபனி இல்லாத குளிர் இரவும் சேர்ந்து வந்த வாரமாகப் பார்த்துப் போங்கள். படத்துக்கு, வெயில் இலைக்குப் பின்னாலிருந்து வரும்படி நில்லுங்கள்.

இன்னொரு பதில்: நிறம் கிடக்கட்டும், உண்ணியைப் பாருங்கள். குளிர் வந்தால் பூச்சி போய்விடும் என்று நம்மவர்கள் நினைப்பது தப்பு. லைம் நோயை (உண்ணிக்கடியால் வரும் பாக்டீரியா தொற்று) பரப்பும் கருங்கால் உண்ணியின் முதிர்ந்த பருவம் இலையுதிர் காலத்தில்தான் மும்முரமாக இருக்கும். பேண்ட்டை சாக்ஸுக்குள் செருகுங்கள், பாதையின் நடுவில் நடங்கள். வீடு திரும்பியதும் துணிகளை ஈரமாக்காமல் டிரையரில் அதிக சூட்டில் 10 நிமிடம் போடுங்கள். முழங்கால் மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம், தலைமுடி எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். கடித்திருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, நெருப்பு வைப்பது வேண்டாம். அது விடும்வரை காத்திருந்து நேரம்தான் போகும். 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் லைம் அபாயம் மிகக் குறைவு. பிறகு சொறியோ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் உண்ணிக்கடி என்று சொல்லுங்கள்.

மூன்று மூன்றாக இலை விட்டு, பளிச்சென்று சிவந்த கொடியைப் பிள்ளைகள் பறிக்க விடாதீர்கள். தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் தரும் பாய்சன் ஐவியாக இருக்கலாம். உதிர்ந்த இலையிலும் வெறும் தண்டிலும் அதன் எண்ணெய் இருக்கும். பட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஷூ லேஸையும்தான்.

காளான் பறிப்பதே வேண்டாம். கொடிய வகைகளின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

மான்களுக்கு இணைசேரும் காலம் நெருங்குகிறது, ஆண்மான் முரண்டு பிடிக்கும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பொதுவாக 25 கஜம் தள்ளி நிற்கச் சொல்வார்கள்; கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜம். வேட்டை அனுமதி உள்ள காடானால் எல்லோருக்கும் ஆரஞ்சு மேல்சட்டை போடுங்கள், பழுப்பும் வெள்ளையும் வேண்டாம்.